மூராய்க் கூட்டுக்கு வேப்பிலை

குருவிக்கும் மலேரியா வரும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான், அதுவும் ஈப்போவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் தெரிந்துகொண்டேன். சாம்பார்ச் சட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு என் மகள் அங்கே நுண்ணோக்கியை வைத்திருந்தாள். ஒற்றைக் கண்ணை இறுக்கிக்கொண்டு குனிந்தேன். கண்ணாடித் துண்டில் தேய்த்த ஒரு துளி இரத்தம். அவரைக்கொட்டைகளைக் கொட்டிவைத்தது போல நீள்வட்ட அணுக்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்பொட்டு.

“அலாமாக்! எல்லாத்துலயும் கிருமி இருக்கு!”

“ப்பா, கத்தாதீங்க. அந்தப் பொட்டு கிருமி இல்ல. குருவி இரத்தம்னா அப்படித்தான் இருக்கும். சில பொட்டைச் சுத்தி வாழைப்பழம் மாதிரி ஒண்ணு வளைஞ்சி கெடக்கும் பாருங்க. அதுதான் ஒட்டுண்ணி.”

ஒட்டுண்ணி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டி என்னைத்தான் பார்த்தாள். ஓய்வு பெற்றதிலிருந்து அவளுக்கு அந்தப் பார்வை பழகிவிட்டது.

தேடினேன். வாழைப்பழம் இருந்தது. ஒன்று, அதன் பக்கத்திலேயே இன்னொன்று.

“இது யாரு இரத்தம்?”

“போன வாரம் நீங்க கைத்தட்டுனீங்களே, என்னா பாட்டுன்னு. அந்த மூராய்தான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூராய் என்று நாங்கள் மலாய்ப் பெயரால் கூப்பிடும் குருவியைப் பேராக் மாநிலத்தில் பார்க்காதவர் இருக்க முடியாது. கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு, வாலைச் செங்குத்தாக நிமிர்த்தி, விடிந்ததும் விடியாததுமாகக் கம்பியில் நின்று பாடும். அந்த உற்சாகத்தைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். இரத்தத்தில் மலேரியாவோடு நின்றுதான் பாடியிருக்கிறது. எனக்கு ஜலதோஷம் வந்தாலே வீட்டில் ஒருவரும் வானொலி கேட்கக் கூடாது.

உடனே என் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“மனுஷனுக்கு ஒட்டாதுப்பா. இது குருவிக்கு மட்டும்தான்.”

“நானும் குருவி மாதிரிதானே சாப்பிடுறேன், எதுக்கும் பாத்துக்கிறேன்.”

“எந்தக் குருவி ஒரே உக்காருல நாலு ரொட்டி சானாய் சாப்பிடுது?” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

என் மகள் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்கிறாள். இரத்தத்தில் ஒட்டுண்ணி இருக்கிற தாய்க்குருவியும் தகப்பன்குருவியும் குஞ்சுகளை எப்படிப் பார்த்துக்கொள்கின்றன, மற்றவை போல இரை கொண்டுவருகின்றனவா, குறைத்துக்கொள்கின்றனவா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இதற்குச் சம்பளமில்லாத ஓட்டுநர் ஒருவர் தேவைப்பட்டார். இத்தனை வருஷம் கார் உதிரிப்பாகக் கடையில் நின்றுகொண்டே விற்றவன், இனி உட்கார்ந்தே வேலை செய்யலாமே என்று ஒத்துக்கொண்டேன்.

இடம், கோப்பெங் தாண்டி ஒரு பழைய கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டம். பெரும்பகுதி எண்ணெய் எடுக்கிற செம்பனையாகிவிட்டது. லயத்து வீடுகளில் இப்போது வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். மாரியம்மன் கோயிலைச் சுற்றி மட்டும் கொஞ்சம் ரப்பர் மரங்களை யாரும் வெட்டாமல் விட்டுவைத்திருந்தார்கள். பால் வடிகிற மங்குகள் சில மரங்களில் இன்னும் கம்பியில் தொங்கின. அவற்றில் மழைத்தண்ணீர். தண்ணீரில் கொசுப்புழு. “பாத்தீங்களாப்பா, கிருமிக்கு வாடகையில்லாத வீடு,” என்றாள் மகள். கொசுவும், கொசுவைவிடப் பொடியான கடிக்கிற பூச்சிகளும்தான் அதை ஒரு குருவியிடமிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகின்றனவாம்.

மரங்களில் அவள் மரப்பெட்டிகள் மாட்டியிருந்தாள். மூராய்க்குப் பொந்து கிடைத்தால் போதும், குடிவந்துவிடும். குஞ்சு பொரித்த பிறகு விடியலில் மெல்லிய வலை கட்டித் தாயையும் தகப்பனையும் பிடிப்பாள். காலில் வண்ண வளையம். இறக்கையின் உள்பக்கம் ஊசிமுனையால் ஒரு தொடல், ஒரு துளி இரத்தம். அப்புறம் தாய்க்கு மட்டும் ஒரு சின்ன ஊசி. அந்த ஊசிக்கு இரண்டு குப்பி வைத்திருந்தாள். எந்தக் குருவிக்கு எந்தக் குப்பி என்பதைக் காசு சுண்டித்தான் முடிவு செய்வாள். இருபது காசு என்னுடையது, சுண்டுவதும் நான். பூ விழுந்தால் ஒரு குப்பி, எண் விழுந்தால் மற்றது.

இந்த ஆராய்ச்சியில் என் பங்கு அது மட்டும்தான் என்பதால் அதை மிகவும் மரியாதையோடு செய்தேன். காசை வானத்துக்கு எறிந்து, புறங்கையில் பிடித்து, மூடி, மெதுவாகத் திறந்து, “பூ!” என்று அறிவிப்பேன். இரண்டு குப்பியும் இரண்டு கம்பெனி மருந்து என்று நினைத்திருந்தேன். பிரேக் ஆயிலில் எது நல்லது என்று ஓட்டிப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி.

கோயிலின் பின்புறமிருந்த பெட்டியில் ஒரு ஜோடி. அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம், காரணம் நிழல். கோயில் சுவரில் சாய்ந்து, பிளாஸ்கில் கொண்டுபோன கோப்பியைக் குடித்துக்கொண்டே பார்க்கலாம். குஞ்சுகள் கண்கூடத் திறக்கவில்லை. இளஞ்சிவப்புத் தோல், வாய் மட்டும் பெரியது. தாய் ஓடி ஓடிப் புழு கொண்டுவந்தாள். ஆண் கோயில் கோபுரத்து உச்சியில் நின்று பாடினான். எப்போதாவது மனசு வந்தால் ஒரு வெட்டுக்கிளி. அவனுக்கு நான் ‘மாப்பிள்ளை’ என்று பட்டம் வைத்தேன். “பாவம், அவனுக்குத்தான் கிருமி அதிகமா இருக்கும், ஓட முடியல,” என்று மகளிடம் அவனுக்காக வக்காலத்தும் வாங்கினேன். நம் இனம் அல்லவா.

அந்த ஜோடியின் இரத்தத்தை அவள் மேசையில் வைத்துப் பார்த்த சாயங்காலம்தான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒரு குருவிக்காகச் சத்தம் போட்டேன்.

“மாப்பிள்ளைக்கு ஒண்ணுமே இல்லப்பா. சுத்தமான இரத்தம்.”

“ஒண்ணுமே இல்லியா?”

“ஒண்ணும் இல்ல. அவளுக்குத்தான். இந்த வருஷம் நான் பாத்ததுலயே இவதான் ரொம்ப மோசம்.”

குனிந்து பார்த்தேன். வாழைப்பழத்தைத் தேடவே வேண்டாம், தார் தாராக இருந்தது. அப்படிப்பட்ட உடம்பை வைத்துக்கொண்டுதான் அவள் புழுவுக்கும் பெட்டிக்கும் நடுவில் பறந்துகொண்டிருந்தாள்.

“அப்ப எதுக்கு இப்படி ஓடுறா? படுத்துக்க வேண்டியதுதானே?”

“அதைத்தான்ப்பா நானும் தேடுறேன். சிலது நோவு வந்தா கொறைச்சுக்கும். சிலது கூட்டிக்கும். அடுத்த தடவை குஞ்சு பொரிக்க உசுரு இருக்குமோ இருக்காதோன்னு, இருக்கிறதை எல்லாம் இந்தக் குஞ்சுக்கே கொடுத்திடும்னு ஒரு கருத்து இருக்கு. இவ விஷயத்துல அதான் காரணமான்னு சொல்ல முடியாது.”

நுண்ணோக்கியை அவள் பக்கமாகத் தள்ளினேன். பிறகு எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

“பரவால்ல. அதான் மருந்து போட்டாச்சுல்ல.”

மகள் கண்ணாடித் துண்டைத் துணியில் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

“அவளுக்கு எண் விழுந்துச்சுப்பா.”

“சரி, எண் மருந்து.”

“எண்ணுன்னா உப்புத் தண்ணி. மருந்து இல்ல.”

உப்புத் தண்ணி. இத்தனை நாள் நான் வானத்துக்கு எறிந்து, புறங்கையில் பிடித்து, கோயில் பூசாரி தீபாராதனை காட்டுகிற பாவனையில் திறந்து காட்டியது அதைத்தான். அந்தப் பெண் குருவிக்கு எண் விழுந்தபோது நான் என்ன சொன்னேன் என்றுகூட ஞாபகம் வந்தது. “எண்ணு, ராசியான எண்ணு!” என்றேன்.

“மருந்தைக் கையில வச்சிக்கிட்டு உப்புத் தண்ணி குத்துனியா?”

“எல்லாத்துக்கும் மருந்து போட்டா, மருந்தாலதான் மாறுச்சின்னு எப்படிச் சொல்றது? வலையில புடிச்சதாலயா, ஊசி குத்துனதாலயான்னு பிரிக்கணும்ல? ஒண்ணுக்கு மருந்து, ஒண்ணுக்கு வெறும் தண்ணி. அப்பதான் ரெண்டையும் வச்சிப் பாக்க முடியும்.”

“உங்கம்மாவுக்கு டிங்கி வந்தப்ப நான் காசு சுண்டிப் பாத்தேனா?”

“டிங்கி சொரத்தோட எந்திரிச்சு உங்களுக்குத் தோசை சுட்டது நான்தான்,” என்றாள் மனைவி, தட்டுகளை மேசையில் வைத்தபடி. “சுண்டிப் பாத்திருந்தாக்கூட கொஞ்ச நேரம் படுத்திருப்பேன்.” பிறகு நுண்ணோக்கியைப் பார்த்துக் கேட்டாள்: “அந்தப் பொம்பளக் குருவி சொரத்தோடயா அலையுது? நம்ம வீட்டுல சொரம், அம்மைன்னா வாசல்ல வேப்பிலை சொருவுவோம். அதுகூட இல்லியா உன் படிப்புல?”

மகள் சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். நான் சிரிக்கவில்லை. கடையில் இருந்த காலத்திலும் எனக்கு யோசனை வந்தால் முதலாளி பயப்படுவார்.

அடுத்த முறை தோட்டத்துக்குப் போனபோது மகள் தூரத்துப் பெட்டிகளைப் பார்க்கச் செம்பனைப் பக்கம் போனாள். “கோயில் பெட்டியைப் பாத்துக்கங்கப்பா. கிட்டப் போவாதீங்க, காச்சாவ் பண்ணாதீங்க,” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். தொந்தரவு பண்ணாதே என்பதை மலாயில் சொன்னால் எனக்கு ஏறும் என்று நினைத்திருப்பாள்.

கோயில் வேப்பமரம் கை எட்டும் உயரத்திலேயே கிளைத்திருந்தது. கொத்தாக ஒடித்தேன். கோயிலைப் பார்த்துக்கொள்கிற பண்டாரம் துடைப்பத்தோடு வந்தார்.

“யாருக்கு அண்ணே அம்மை?”

“நம்ம பின்னால குடியிருக்கே, அந்த மூராய்க்கு.”

அவர் என்னைப் பார்த்தார், வேப்பிலையைப் பார்த்தார்.

“மூராய்க்கா?”

“இரத்தத்துல மலேரியா அண்ணே. மக மிஷின்ல பாத்துட்டா.”

“கோழிக்கு வரும், கேள்விப்பட்டிருக்கேன். மூராய்க்குமா? காலையில அது சத்தத்துலதான் நான் எந்திரிக்கிறேன்.” துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். “இருங்க, மஞ்சத் தண்ணியில தொட்டுத் தர்றேன். வெறும் இலையைக் கட்டக்கூடாது.”

ஆக, உப்புத் தண்ணிக்குப் பதில் மஞ்சள் தண்ணி. அறிவியலை நான் ஒரு படி ஏற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். தாய் வெளியே போன நேரம் பார்த்து, பெட்டியின் வாய்க்கு மேலே கொத்தை வைத்து, ராஃபியா கயிற்றால் மரத்தோடு சேர்த்து இறுக்கினேன். காரின் புகைக்குழாயைச் சேசிஸோடு கட்டிப் பழகிய கை அது. பண்டாரம் சற்றுத் தள்ளி நின்று கும்பிட்டார். நானும் எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டேன்.

சுவரோரம் வந்து பிளாஸ்கைத் திறந்தேன். தாய் வந்தாள், வாயில் பச்சைப் புழு. பெட்டியை நோக்கி நேராகப் பறந்தவள் நடுவழியில் சுவரில் மோதியது போல் திரும்பினாள். பக்கத்துக் கிளையில் உட்கார்ந்தாள். வால் மேலும் கீழும் ஆடியது. ‘சர்ர், சர்ர்’ என்று ஒரு சத்தம். பாம்பைக் கண்டால் போடுகிற சத்தம் என்று மகள் முன்பு சொல்லித்தந்திருந்தாள். மறுபடி பறந்தாள், மறுபடி திரும்பினாள். காற்றில் வேப்பிலை ஆடும்போதெல்லாம் இன்னும் ஒரு கிளை பின்னால் போனாள்.

‘பழகிடும்’ என்று எனக்குள்ளேயே சொன்னேன். புது மாமியார் வீட்டில் யாருக்கும் அப்படித்தான்.

பழகவில்லை. பெட்டிக்குள்ளிருந்து குஞ்சுகளின் கீச்சு, முதலில் பலமாக, பிறகு விட்டு விட்டு. வெயில் இலைகளைத் தாண்டிப் பெட்டியின் மேல் விழ ஆரம்பித்தது. தாய் அந்தப் புழுவைக் கடைசிவரை விழுங்கவும் இல்லை, போடவும் இல்லை. வாயில் வைத்துக்கொண்டே காணாமல் போனாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண் திறக்காத அந்தப் பிள்ளைகளுக்கு உடம்பில் என்ன இருப்பு இருக்கும்? ஓடிப்போய் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். அவிழவில்லை. ராஃபியா நனைந்து இறுகியிருந்தது. நகம் உடைந்தது. நான் மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்பதைக் கண்ட மாப்பிள்ளையும் கோபுரத்தை விட்டுப் பறந்துவிட்டான். பெட்டிக்குள் கீச்சு நின்றது. அது பயத்தில் நின்றதா, வேறு எதனாலாவதா என்று தெரியாமல் பெட்டியில் காதை வைத்தேன்.

“ப்பா.”

திரும்பினேன். மகள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. கத்தியிருந்தால் தேவலை. பையிலிருந்து சின்னக் கத்திரிக்கோலை எடுத்துக் கயிற்றை வெட்டினாள். வேப்பிலையைச் சத்தமில்லாமல் இறக்கினாள். பெட்டிக்குள் ஒரு பார்வை பார்த்து மூடினாள்.

“உசுரோட இருக்கு. வாங்க, தள்ளி வாங்க. இன்னும் தள்ளி.”

கோயிலின் முன்பக்கம் வந்த பிறகுதான் பேசினாள்.

“எவ்வளவு நேரமா கட்டியிருந்தீங்க?”

“ஒரு பிளாஸ்க்கு கோப்பி நேரம்.”

“உங்க பிளாஸ்க் சைஸுக்கு ரொம்ப நேரம்ப்பா அது.” கண்ணைத் துடைத்தாள். “அதுக்குக் கதவுல தொங்குறது எதுவா இருந்தாலும் பாம்புதான். இது கூடுப்பா, நம்ம வீட்டு வாசல் இல்ல.”

“சொரம்னு சொன்னியேம்மா...”

“நான் சொன்னேன். நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? இனி இந்தக் கூட்டை நான் கணக்குல சேர்க்க முடியாது. பூச்சியை வெரட்டுற இலையைக் கட்டியாச்சு, அதுக்கு மேல மஞ்சத் தண்ணி வேற. எது எதனால நடந்துச்சின்னு யாரு சொல்றது?”

என் மண்டையில் ஒரு விளக்கு எரிந்தது. அது எரியும்போதெல்லாம் ஏதாவது கருகும், ஆனாலும் கேட்டுவிட்டேன்.

“கணக்குல இல்லன்னா, அவளுக்கு மருந்து போடலாம்ல? இப்பவே?”

மகள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது.

“அதைத்தான்ப்பா நானும் நினைச்சேன், கயிறை வெட்டும்போதே. போடலாம்தான். ஆனா மறுபடி வலை கட்டிப் புடிக்கணும். இப்ப இருக்கிற பயத்துல புடிச்சா அவ கூட்டையே விட்டுட்டுப் போயிடுவா. நேத்து கணக்குல இருந்து எடுத்திருந்தா வாய்ப்பு இருந்துச்சு. இன்னிக்கு இல்ல.”

மகளுக்கும் அந்த உப்புத் தண்ணி உறுத்தியிருக்கிறது. மேசையில் துடைத்ததையே துடைத்தாளே, அது அதுதான். எனக்கு அது தெரியவில்லை. அவளுடைய அப்பா நான்.

கோயில் சுவரோரம் உட்கார்ந்து, அதன் மூலையிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம். பண்டாரம் உள்ளே சூடம் ஏற்றினார், எதற்கென்று யாரும் கேட்கவில்லை. பெட்டி சும்மா இருந்தது. வெயில் ஏறியது.

முதலில் வந்தது மாப்பிள்ளை. கோபுரத்துக்குப் போகாமல் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்தான். வாயில் ஒரு வெட்டுக்கிளி. பெட்டியைப் பார்த்தான், எங்கள் மூலையைப் பார்த்தான். சட்டென்று பறந்து உள்ளே நுழைந்தான். கீச்சு! பெட்டி முழுக்கக் கீச்சு! வெளியே வந்தான், போனான், கொஞ்ச நேரத்தில் இன்னொன்றோடு வந்தான். அந்தச் சோம்பேறியா? நான் வக்காலத்து வாங்கி, பட்டம் வைத்து, சிரித்த அந்தப் பயலா? பாட்டு என்ற பேச்சே இல்லை. கீழே இறங்கிச் சருகைக் கிளறி, புழு எடுத்து, ஏறி, இறங்கி.

“பாருங்கப்பா,” என்று மகள் என் முழங்கையைப் பிடித்தாள். “ஒண்ணு விட்டா இன்னொண்ணு ஈடு கட்டுதா இல்லியான்னுதான் நான் இந்த வருஷம் பூரா பாத்துக்கிட்டிருக்கேன். சில ஆண் செய்யாது. இவன் செய்றான்.”

“எழுதிக்கம்மா.”

“எழுத முடியாதுப்பா. இவன் வேப்பிலைக்காரன்.”

தாய் வெகுநேரம் கழித்து வந்தாள். பெட்டியின் வாயருகே கொஞ்சம் தயங்கினாள், பிறகு உள்ளே போனாள். நான் எழுந்து நின்று கைத்தட்டப் போனேன். மகள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

குஞ்சுகள் இறக்கை முளைத்து வெளியே வந்த காலையில் நாங்கள் அங்கே இருந்தோம். கோயில் மதிலில் உட்கார்ந்துகொண்டு, வால் இல்லாத உருண்டைகளாக வாயைப் பிளந்தன. மாப்பிள்ளை ஊட்டினான். தாயைக் காணவில்லை. நாங்கள் இருந்தவரை காணவில்லை. “வேற பக்கம் இரை தேடிக்கிட்டு இருக்கலாம்ப்பா. பாக்கலைங்கிறதுக்காகச் செத்துட்டான்னு சொல்ல முடியாது,” என்றாள் மகள். அவள் அறிவியல் தெரிந்தவள், அப்படித்தான் சொல்வாள். நான் இன்னும் கோப்பெங் சாலையில் ஒவ்வொரு கம்பியிலும் அந்தத் தாயின் மஞ்சளும் சிவப்பும் வளையம் போட்ட கால் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டுகிறேன். பின்னால் வருகிற லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.

அதற்குப் பிறகு பிடித்த ஜோடிக்கு, மகள் பழக்கத்தில் காசைச் சுண்டச் சொல்லி என் பக்கம் திரும்பினாள். நான் காசை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

“நீயே சுண்டு. எது விழுந்துச்சின்னு எனக்குச் சொல்லாதே.”

“ஏன்ப்பா?”

“தெரிஞ்சா என் கை சும்மா இருக்காது.”

அவள் சிரித்தாள். பார்க்கிறவனுக்கு எது என்று தெரியாமல் இருப்பதுதான் சரியான முறை, முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும் என்றாள். முதல் தடவையாக நான் ஆராய்ச்சியில் சரியாக ஒன்றைச் செய்தேன், பயத்தினால்.

கண்ணை மூடிக்கொண்டு திரும்பி நின்றேன். காசு மேலே போகிற சத்தம் கேட்டது. பிடிக்கத் தவறிவிட்டாள் போல, சருகில் விழுந்தது. அவள் குனிந்து பார்க்கிற நேரம், கேட்கக் கூடாதென்று தெரிந்தும் என் வாய் தானாகத் திறந்தது.

“பூவா?”

“ப்பா!”